மடுவத்தில் தொங்கிய படங்கு

நாய் வீட்டுக்கு வந்த பிற்பகல் அப்பா இருந்தார், தங்கச்சி இருந்தாள், நான் இருந்தேன். அம்மா இல்லை. ஹந்தானைத் தோட்டத்தின் கீழ்மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். அன்று அவர் வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் நாய் அவரை முதன்முதலில் படங்கோடு பார்த்திருக்காது. இதெல்லாம் பிறகு யோசித்தது.

பெட்டை நாய். வத்தேகம சந்தைக்குப் பின்னால், வாய் கட்டிய சாக்குக்குள் கிடந்ததாம். நான் வேலை செய்யும் புத்தகக் கடைக்கு வரும் சிங்கள டீச்சர் ஒருவர்தான் எடுத்து வைத்திருந்தார். வீட்டில் சத்தம் போடுகிறவர்கள் உண்டா என்று மட்டும் கேட்டார். எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவனும் நான் ஒருவன்தான். ஃபோனில் வாசித்து நான் எதைச் சொன்னாலும் மற்ற மூவரும் கேட்பார்கள்.

நாலரை மணிக்கு அம்மா வந்தார். தேயிலைச் செடி கிழிக்காமலும் அட்டை ஏறாமலும் இருக்க, கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் சாக்குத்தான் படங்கு. வாசலில் அதைக் கண்டதும் நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்து, அங்கேயே மூத்திரம் விட்டது.

“மாமியார கண்ட மருமக மாதிரில்ல ஓடுது,” என்றார் அம்மா.

“ஒன்ன கண்டா நானே ஓடுறேன்,” என்றார் அப்பா.

மூன்று நாள் அப்படியே. அம்மா வரும் நேரம் நெருங்கினால் நாய் சோற்றை விட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

“அம்மா, ஒரு மாசத்துக்கு படங்க வீட்டுக்கு கொண்டாராதீங்க. அத பாத்துத்தான் பயப்படுது.”

“அப்ப எங்கடா வைக்கிறது?”

“கொழுந்து நிறுக்கிற மடுவத்துல மாட்டிட்டு வாங்க.”

“படிச்ச புள்ள சொல்லுது,” என்று அம்மா சிரித்தார்.

இரண்டாம் கிழமை நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டியது. அதே கிழமைதான் மேல்மலைச் சவுக்கு மரத்தில் பானை அளவுக்குக் குளவிக்கூடு தொங்குவதாகத் தங்கச்சி சொன்னாள். “அத எடுக்காம அந்தப் பக்கம் ஆள் விடமாட்டாங்க,” என்றார் அப்பா.

வியாழக்கிழமை விட்டார்கள். மேல்மலை எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே, மடுவம் கீழே. இறங்கி ஏறினால் பிந்திவிடும். பிந்தினால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்.

“படங்கு கீழ கெடக்கே,” என்றார் அம்மா, வாசலில் நின்று.

அந்த நேரம் நாய் முதல் தடவையாக என் கையிலிருந்து ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் ஈர மூக்கு பட்டது. அசைந்தால் ஓடிவிடும் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஒரு நாளைக்குத்தானேம்மா,” என்றேன். நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

குளவி கிளம்பினால் படங்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு செடிக்கு அடியில் குந்திவிடுவார்கள். ஒன்பது மணி போலக் கூடு கலைந்தபோது எல்லோரும் அப்படித்தான் குந்தினார்கள். அம்மாவிடம் தலைத்துண்டு மட்டுமே இருந்தது.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை அம்மா என்று நினைத்து அங்கே போய் நின்றேன். இதுதான் அம்மா என்று தங்கச்சி காட்டினாள். இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. என் குரலைக் கேட்டதும், “நாய்க்கு சோறு வச்சியா?” என்றார்.

அம்மா வீட்டுக்கு வந்த அன்று நாய் ஒளியவில்லை. அம்மாவின் காலை மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்தது. “இப்பத்தான் என்னய புடிச்சிருக்கு,” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

படங்கை நானே கீழே போய் எடுத்துவந்து வாசல் ஆணியில் மாட்டினேன். காலையில் அம்மா அதைக் கட்டும்போது நாய் மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தாதி எண்ணிய வரைக்கும் முப்பத்தொரு கொட்டு. அன்றைக்கு ஒன்பது மணி வரை பறித்ததற்கு அரைப்பேர் போட்டிருந்தார்கள். மீதி அரைப்பேரும் அம்மா படுத்துக் கிடந்த நாட்களும் சேர்த்துப் பதினாறரை நாள் சம்பளம் போனது.