இளைத்துப்போன மரங்கள்

மரத்தின் சுற்றளவு எடுப்பதில் எங்கள் பிரிவில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இது அப்போது எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். டேப்பை எவ்வளவு இறுக்கலாம், பாசியை எதுவரை துடைக்கலாம், தண்டின்மேல் கொடி ஏறியிருந்தால் அதற்கடியில் டேப்பை எப்படிச் செருகி இழுக்கலாம் என்பதெல்லாம் என் விரல்களுக்குத் தெரியும். ஒரே மரத்தைக் காலையிலும் மாலையிலும் அளந்தால் எனக்கு ஒரே எண்தான் வரும்.

அரியாங்குப்பத்துக்குத் தெற்கே நெல்லும் கரும்பும் போடும் குடும்பம் எங்களுடையது. தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, சுனாமிக்கு முந்தைய வருடம், புதுச்சேரியில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த ஓர் ஆய்வு நிறுவனத்தில் சூழலியல் பிரிவு உதவியாளராகச் சேர்ந்தேன். தினமும் பஸ்ஸில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டவுனுக்கு வருவேன். நான் அதுவரை பார்த்திருந்த காடு என்றால் கடலோரச் சவுக்குத் தோப்புதான். ஆனால் நான் சேர்ந்த பிரிவின் வேலை முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்தது.

மலையின் தென்கோடி மழைக்காட்டில் ஒரு சரிவைக் கயிறு கட்டிப் பிரித்து வைத்திருந்தார்கள். அதற்குள் இருந்த ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண். மார்பு உயரத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு. சில வருடங்களுக்கு ஒருமுறை போய், அதே கோட்டின்மேல் டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும். எந்த மரம் எவ்வளவு பருத்தது, எது செத்தது, எது புதிதாக வந்தது என்று தெரிந்தால்தான் அந்தக் காடு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று சொல்ல முடியும்.

எங்கள் பிரிவின் தலைவி பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி. வாட்ச்மேன் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் மதாம். தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போதே "அலோர்" என்று பிரெஞ்சில் ஒரு இழு இழுப்பார், நம் "அப்போ..." மாதிரி. அடுத்து வரப்போவது கேள்வி என்று நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம்.

சுனாமி வந்து போன அடுத்த வருடம் அந்த மரங்களை மறுபடி அளக்க வேண்டியிருந்தது. கோடையிலேயே போயிருக்க வேண்டியது, தள்ளித் தள்ளி ஜூன் கடைசிக்கு வந்துவிட்டது. மலையில் மழை பிடித்திருந்தது. கடைசி நேரத்தில், என்னோடு வர வேண்டிய சக ஊழியருக்குக் காய்ச்சல்.

"நான் தனியா போயிட்டு வந்துடறேன் மதாம்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "போ" என்றார். அவ்வளவுதான்.

விழுப்புரத்தில் ரயில் ஏறி, அப்புறம் இரண்டு பஸ், அப்புறம் நடை. மலையில் எங்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், நாற்பது வயது இருக்கும். அவரும் அவர் மனைவியும் இருந்த வீட்டில்தான் தங்கினேன். காலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் பால் விடாத கட்டன் சாயாவும். காலில் புகையிலைத் தூளைத் தேய்த்துக்கொண்டு கிளம்புவோம். அப்படியும் அட்டைகள் ஏறும். மூன்றாவது நாளுக்குள் அவற்றைப் பார்க்காமலே தட்டிவிடப் பழகியிருந்தேன்.

அந்த மூன்றாவது நாள்தான் ஓடையைக் கடக்கும்போது சறுக்கி விழுந்தேன். நோட்டுப் புத்தகம் பிளாஸ்டிக் உறைக்குள், சட்டைக்குள் இருந்ததால் தப்பித்தது. தோள்பையிலிருந்த டேப் போய்விட்டது. ஆபீஸ் டேப், கண்ணாடியிழையில் செய்தது, எத்தனை வருடம் நனைந்தாலும் நீளாதது. வழிகாட்டி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வெகுநேரம் துழாவினார்.

"கெடைக்காது மேடம். தண்ணி கொண்டு போயிட்டு. நாளைக்கு நான் கீழ எறங்கி வேற வாங்கிட்டு வாரேன்."

அவர் போய் வாங்கி வந்தவை இரண்டு தையல்கார டேப்புகள். "டேப்புன்னு கேட்டேன். கடையில இதான் இருக்கு."

ஊருக்குத் திரும்பிப் போய் வேறு டேப் எடுத்து வருவதென்றால் ஒரு வாரம் போய்விடும். நான் யோசிக்கவில்லை. பெரிய மரங்களுக்கு ஒன்று போதாது என்பதால் இரண்டையும் ஊசி நூலால் நெருக்கமாகத் தைத்து இணைத்தேன். முதல் நாள் அளந்திருந்த ஐந்து மரங்களை இந்த டேப்பால் மறுபடி அளந்து பார்த்தேன். ஐந்தும் அச்சாகப் பொருந்தின. நோட்டில் அன்றைய முதல் மரத்துக்கு மேலே ஒரு கோடு போட்டு, "இங்கிருந்து துணி டேப்" என்று எழுதினேன். மீதி மரங்களைப் பத்து நாளில் முடித்தேன். பத்து நாளும் மழை. நனைந்த டேப்பை மாலையில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காயவைப்பேன், காலையில் எடுத்துக்கொண்டு கிளம்புவேன். தனியாகப் போய் முழு வேலையையும் முடித்துவிட்டு வந்த முதல் ஆள் நான்தான். அந்த நினைப்பில் ரயிலில் நன்றாகத் தூங்கினேன்.

எண்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்த மூன்றாம் நாள் மதாம் கூப்பிட்டார். மேசைமேல் அச்செடுத்த தாள்கள். வெடிப்பலா எல்லாம் ஒரு தாளில், நாங்கு எல்லாம் ஒரு தாளில் என்று மர வகை வாரியாகப் பிரித்திருந்தார்.

"அலோர், இந்த மரமெல்லாம் ஏன் இளைச்சிருக்கு?"

எட்டிப் பார்த்தேன். பழைய அளவுக்குப் பக்கத்தில் என் அளவு. ஒவ்வொரு தாளிலும் பாதிக்கு மேல் என் எண் சிறியதாக இருந்தது. ஒரு சென்டிமீட்டர், அரை சென்டிமீட்டர். பெரிய மரங்களில் இன்னும் கூட.

"வறட்சியில கொஞ்சம் சுருங்கும் மதாம்."

"நீ போனது மழையில."

எனக்கு முகம் சூடாகியது. "மஞ்சக் கோட்டு மேலதான் அளந்தேன். ஒவ்வொன்னும் ரெண்டு தடவ. நான் தப்பா அளக்கல."

"நீ தப்பா அளந்தேன்னு நான் சொல்லவே இல்லையே. மரம் இப்படி மொத்தமா இளைக்காதுன்னுதான் சொல்றேன்." தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார். "பாத்துட்டுச் சொல்லு."

துணி டேப்பைப் பற்றி அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன், ஐந்து மரத்தில் சரிபார்த்ததையும் சொல்லியிருந்தேன். அதனால் அந்தப் பக்கம் என் புத்தியே போகவில்லை. பழைய அளவுகளை எடுத்தவர்தான் எங்கோ கோட்டை விட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். இரண்டு நாள் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். அவர் பக்கம் ஒரு தவறும் அகப்படவில்லை. அவரும் என்னைப்போல ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்திருந்தார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. டவுனின் தெற்குப் பக்கம், முஸ்லிம் குடும்பங்கள் வாழும் தெருவில், வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் தைக்கும் ஓர் அக்காவிடம்தான் நான் ரவிக்கை கொடுப்பது. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். பேச்சும் கையும் ஒரே வேகம். துணியைக் கொடுத்துவிட்டு நின்றேன். அளவெடுத்துக்கொண்டே கேட்டார்:

"இன்னாம்மா இப்படி இளைச்சிட்ட? மலைக்குப் போறேன்னியே, அங்க சோறு போடலியா?"

"நான் மட்டும் இல்லக்கா. எங்க மரமெல்லாம்கூட இளைச்சிடுச்சின்னு சொல்றாங்க."

விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் விடவில்லை, இன்னா கதை என்று கேட்டார். நானும் கொட்டித் தீர்த்தேன். மஞ்சள் கோடு, மழை, மதாம் எல்லாவற்றையும். அவர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, அதை எடுத்துக் கேட்டார்:

"எந்த டேப்புல அளந்த?"

"உங்க டேப்பு மாதிரிதான். புதுசு."

"பத்து நாளும் நனைஞ்சிதா?"

"நனைஞ்சிது."

மிஷின் டிராயரைத் திறந்து ஒரு பழைய டேப்பை எடுத்தார். கழுத்தில் கிடந்த டேப்போடு முனையை முனையோடு பிடித்து இரண்டையும் தொங்கவிட்டார். கீழே பழைய டேப் ஒரு விரலகலம் நீண்டு நின்றது.

"இது வாங்கி ஆறு மாசம்தான் ஆவுது. இழுத்து இழுத்து நீண்டுடும்மா. உடம்ப பழைய டேப்புல அளந்துட்டு, துணிய புது டேப்புல வெட்டினேன்னு வெச்சிக்க, ஜாக்கெட்டு கைய தூக்க வுடாது. அளவு கம்மியா காட்டியிருக்கும். ஆனா உடம்பு இளைச்சிருக்காது."

ரவிக்கை எப்போது கிடைக்கும் என்றுகூடக் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தேன். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார். அலமாரியிலிருந்து இரும்பு அளவுகோலை எடுத்து மேசைமேல் வைத்து, என் டேப்பை அதன் பக்கத்தில் நீட்டினேன். அந்த அக்காவின் பழைய டேப் எவ்வளவு நீண்டிருந்ததோ அதைவிடக் கூடுதலாகவே என்னுடையது நீண்டிருந்தது.

அடுத்து, மதாம் வகைவாரியாகப் பிரித்திருந்த தாள்களை ஒதுக்கிவிட்டு, நான் அளந்த வரிசையிலேயே மரங்களை அடுக்கினேன். நோட்டில் நான் போட்ட கோட்டுக்கு மேலே இருந்த மரங்கள் எல்லாம் ஒழுங்காகப் பருத்திருந்தன. கோட்டுக்குக் கீழே முதல் நாள் மரங்கள் சரியாகத்தான் இருந்தன. இரண்டாம் நாள் லேசான குறைவு. கடைசி நாளுக்குப் போகப்போகக் குறைவு ஏறிக்கொண்டே போனது. முதலில் ஒரு பெரிய நிம்மதி வந்தது. என் கை தவறவில்லை, பழைய ஆளின் கையும் தவறவில்லை. அப்புறம் வெட்கம் வந்தது. முதல் நாள் ஐந்து மரத்தில் சரிபார்த்த நான், அதற்குப் பிறகு ஒரு நாள்கூடச் சரிபார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை எனக்கு, என்மேல்.

திங்கட்கிழமை டேப்பையும் அளவுகோலையும் மதாமின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் டேப்பை இரு கையாலும் இழுத்துப் பார்த்தார். நான் தைத்திருந்த இணைப்பைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா தெச்சிருக்க" என்றார். "அலோர், எவ்ளோ நீண்டிருக்குன்னுதான் தெரிஞ்சிபோச்சே. கணக்குப் போட்டு எல்லாத்தையும் திருத்திடலாமா?"

அவர் என்னைச் சோதித்தாரா, நிஜமாகவே கேட்டாரா என்பது இன்றும் எனக்குத் தெரியாது.

"முடியாது மதாம். ஒரே நாள்ல நீளல. தினம் கொஞ்சம் கொஞ்சமா நீண்டிருக்கு. எந்த மரத்த அளந்தப்போ எவ்ளோ நீண்டிருந்துதுன்னு யாருக்கும் தெரியாது. நான் திரும்பப் போறேன்."

"அங்க இன்னும் மழை."

"தெரியும்."

"பொன்" என்றார். பிரெஞ்சில் நல்லது என்று அர்த்தம்.

ஆகஸ்டில் போனேன். இந்த முறை இரும்பு டேப் இரண்டு, ஒன்று பையில், ஒன்று வழிகாட்டியின் வீட்டில். கோட்டுக்குக் கீழிருந்த மரங்கள் அத்தனையையும் முதலிலிருந்து அளந்தேன். இரும்பு டேப்பின் விளிம்பு விரலைக் கீறும், அதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. எண்கள் ஏறியிருந்தன. நான் சொல்லிக்கொண்டே வர, வழிகாட்டியின் மனைவி நோட்டில் எழுதினார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், என்னைவிடத் தெளிவான கையெழுத்து.

ஆறாவது நாள் சரிவின் மேல்பக்கம் போனபோது வெளிச்சம் வித்தியாசமாக இருந்தது. அந்தக் காட்டில் நடுப்பகலிலும் நிழல்தான் இருக்கும். அங்கே தரையில் வெயில் கிடந்தது. இருப்பதிலேயே பெரிய வெடிப்பலா, போன மாதக் காற்றில் வேரோடு சாய்ந்து, பக்கத்து மரங்கள் மூன்றையும் இழுத்துக்கொண்டு கிடந்தது. மஞ்சள் கோடு மண்ணுக்குள் அமுங்கியிருந்தது. அடியில் டேப்பை நுழைக்க வழியில்லை.

"போன தடவ அளந்தத எழுதிருங்க மேடம்" என்றார் வழிகாட்டி. "யாரு வந்து பாக்கப் போறா?"

"அது தப்புன்னு எனக்குத் தெரியுமேண்ணே."

அளவுக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, "விழுந்தது, கடைசி அளவு நம்ப முடியாது" என்று எழுதச் சொன்னேன். வழிகாட்டி விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார்.

நானும் உட்கார்ந்தேன். அப்போதுதான் கீழே பார்த்தேன். வெயில் பட்ட மண் முழுக்க விரல் நீளத்துக்குச் செடிகள் முளைத்திருந்தன. எங்கள் திட்டத்தில் மரம் விழுந்த இடத்தை எப்போதும் வருடங்கள் கழித்துத்தான் பார்ப்போம். அதற்குள் எது முதலில் முளைத்தது, எது செத்தது, எது பிழைத்தது என்று ஒன்றும் தெரியாமல் போயிருக்கும். இங்கே மரம் விழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆபீஸுக்குச் சொல்ல போனில் சிக்னல் இல்லை. யாரையும் கேட்காமல் நான்கு நாள் கூடுதலாகத் தங்கினேன். குச்சி நட்டுச் சிறுசிறு சதுரங்களாகப் பிரித்து, மண்டியிட்டு, ஒவ்வொரு முளையையும் எண்ணினேன். பெயர் தெரியாதவற்றை வழிகாட்டி இலையைக் கசக்கி முகர்ந்து சொன்னார். வெயில் கண்டதும் முதலில் முளைக்கும் வட்டக்கண்ணி மரக்கன்றுகள்தான் அதிகம்.

திரும்பி வந்ததும் மதாம் கேட்ட முதல் கேள்வி, "நாலு நாள் என்ன பண்ணின?" என்பதுதான். நோட்டைத் திறந்து சதுரங்களின் படத்தைக் காட்டினேன். அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். மதிய மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

"அடுத்து எப்ப போவணும்?" என்றார்.

"மழை முடிஞ்சதும். அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ."

"அத நீ பாத்துக்க. உன்னோட வேலை அது."

அந்த முறை அறிக்கையில், டேப் நீண்டதையும் மறுபடி போனதையும் ஒரு பத்தியாகச் சேர்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்டுச் சேர்த்தேன். மதாம் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அதற்குப் பிறகு நான்கு வருடம் அந்த வெயில் பட்ட இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடம் வட்டக்கண்ணிகள் என் தோள் வரை வந்தன, நான்காம் வருடம் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அந்த முளைகளைப் பற்றி எழுதியதுதான் என் பெயரில் அச்சான முதல் கட்டுரை. வழிகாட்டியின் பெயரும் அவர் மனைவியின் பெயரும் என் பெயருக்கு அடுத்து, ஆசிரியர் வரிசையிலேயே இருக்கின்றன.