கெயினைக் குறைத்த ஞாயிற்றுக்கிழமை

மலிவான சாமானை வாங்கிவிட்டு அதற்கு வக்காலத்து வாங்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த ஓவர்டிரைவ் பெடலையும் அப்படித்தான் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினேன். உள்ளங்கையில் அடங்கும் பச்சைப் பெட்டி. காலால் மிதித்தால் எலக்ட்ரிக் கிட்டாரின் சுத்தமான குரல் கரகரப்பாக மாறும். மேலே மூன்று திருகுகள். ஒன்று சத்தத்துக்கு, ஒன்று டோனுக்கு, மூன்றாவது கெயின், அதாவது கரகரப்பு எவ்வளவு வேண்டும் என்பதற்கு. பேர்போன கம்பெனிப் பெடல் ஒன்றின் விலைக்கு இதில் ஐந்து வாங்கலாம்.

தார்நாகா குவார்ட்டர்ஸில் எங்கள் கீழ்வீட்டுக்காரர் விஞ்ஞானி. கொஞ்சம் சத்தம் கேட்டாலும் வாட்ஸ்அப்பில் பணிவாக ஒரு செய்தி அனுப்புவார். அந்தப் பணிவுதான் எனக்கு எரிச்சல். அதனால் ஆம்ப்ளிஃபயரை முணுமுணுக்க விட்டு, கெயினை முக்கால்வாசிக்கு மேல் திருகி ஒரு வாரம் வாசித்தேன். என்ன கனம், என்ன இழுவை. நாற்பத்துமூன்று வயதில் என் விரல்களுக்குத் திடீரென்று ஞானம் வந்துவிட்டதாகவே நம்பினேன். கல்லூரிக்குப் போகும் என் மகள் ஹெட்போனைக் கழற்றி, "நாட் பேட், மம்மா" என்றாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிது.

எங்கள் பேண்டில் என்னையும் பேஸ் கிட்டார் வாசிப்பவரையும் சேர்த்து நான்கு பேர். பாடகர், சிகந்திராபாத்தில் நாலு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர். டிரம்மருக்குச் சனத்நகரில் லேத் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை மெஷின்கள் ஓடாது என்பதால் பயிற்சி அங்கேதான். அடுத்த சனிக்கிழமை கச்சிபௌலியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு விழாவில் எங்கள் நிகழ்ச்சி. அதற்கு முந்தைய இரண்டு நிகழ்ச்சிகளிலும் நான் தனியாக வாசிக்கும் சோலோ யார் காதிலும் விழவில்லை. இந்த முறையும் அப்படியென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று பாடகர் சுற்றிவளைத்துச் சொல்லியிருந்தார். பெடலை வாங்கியதே அதனால்தான்.

பட்டறைக்குள் நுழைந்தால் அந்த வேறு ஆள் ஏற்கெனவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது ஐ.டி.க்காரர். மரியாதையாக எழுந்து வணக்கம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாட்டு தொடங்கியது. சோலோ வரும் இடத்தில் பெடலை மிதித்தேன். டிரம்ஸ் இடிக்க, பேஸ் உறும, என் கிட்டார் மிக்ஸி ஓடும்போது பேசுகிறவள் குரல் மாதிரி எங்கோ போய்விட்டது. கெயினை இன்னும் ஏற்றினேன். எல்லாம் கூழாகக் குழைந்தது. பாடகர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அக்கா, நீங்க வாசிக்கிறது கண்ணுக்குத் தெரியுது, காதுக்கு வர்ல. கைக்குன்னே புரியல." கைக்கு என்றால் ஹைதராபாத் உருதுவில் ஏன்.

இன்று விட்டால் என் இடம் போயிற்று. கிட்டாரைக் கழற்றி ஐ.டி.க்காரரிடம் நீட்டி, நீங்கள் வாசியுங்கள், நான் தள்ளி நின்று கேட்கிறேன் என்றேன். அவரும் டிரம்ஸ் சத்தத்தில் மூழ்கட்டும் என்ற எண்ணமும் இருந்தது, பொய் சொல்வானேன். ஷட்டர் அருகே நின்று கேட்டேன். மூழ்கித்தான் போனார். ஒரு நிமிடம் எனக்குப் பரம திருப்தி.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. வீட்டில் ஆம்ப்ளிஃபயர் முணுமுணுத்தது, அதற்கு அவ்வளவு கெயின் வேண்டியிருந்தது. இங்கே அது கத்துகிறது, அதோடு அவ்வளவு கரகரப்பும் சேர்ந்தால் சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். கீழ்வீட்டுக்காரருக்காக வைத்த அளவை அப்படியே பட்டறைக்குத் தூக்கி வந்திருக்கிறேன். தரையில் மண்டியிட்டுக் கெயினைக் கிட்டத்தட்ட அடிவரை குறைத்து, சத்தத்தை ஏற்றி, மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

இந்த முறை ஒவ்வொரு சுரமும் டிரம்ஸைத் தாண்டி நின்றது. டிரம்மர் சிரித்தேவிட்டார். ஐந்து சுரங்கள் வேகமாக வரும் ஓர் இடம் உண்டு. அவர் அங்கே ஐந்தையும் வாசித்தார். நான் அங்கே மூன்றரைதான் வாசிப்பேன். என் விரல் இன்னும் கெயின் திருகின் மேல் இருந்தது. அரைத் திருப்பு திருப்பினால் மனிதர் மறுபடி மூழ்கிவிடுவார், ஒருவருக்கும் தெரியாது. அதை உண்மையாகவே யோசித்தேன். பிறகு கையை எடுத்துவிட்டுக் கிட்டாரைத் திருப்பித் தரச் சொன்னேன்.

நான் வாசித்தது கேட்டது. எல்லாமே கேட்டது. டிரம்ஸுக்கு அடியிலும் கரகரப்புக்கு அடியிலும் ஒளிந்திருந்த அந்த மூன்றரையும் பளிச்சென்று கேட்டது. இன்னொரு தரம் என்றேன். அதே இடத்தில் அதே தடுமாற்றம். பேஸ் வாசிப்பவர் தன் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை அவரே வாசிக்கட்டும்" என்றேன். யாராவது மறுப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் சொன்னேன். பாடகருக்கு டீ கொடுத்தால்கூட முதலில் "நக்கோ" என்று மறுத்துவிட்டுத்தான் வாங்குவார்.

"ஹவ் அக்கா, அதான் சரி" என்று உடனே ஆமோதித்தார்.

கேபிளைச் சுருட்டத் தொடங்கினேன். ஐ.டி.க்காரர் பக்கத்தில் குனிந்து, சனிக்கிழமை வரை பெடலை மட்டும் தர முடியுமா மேடம் என்று தெலுங்கில் கேட்டார். திருகுகளை நான் வைத்தபடியே விட்டுவிடுவதாகவும் சொன்னார். நல்ல மனிதர், நியாயமாகத்தான் கேட்டார்.

தர மாட்டேன் என்றேன். பெடலைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. இன்று வந்து கேட்டாலும் தர மாட்டேன்.