முக்கல் முனகலுக்கு மரியாதை

ஆரணியில் ஒரு வேலை கடினமானது என்று நம்பவைக்க வேண்டுமானால், செய்கிறவர் முக்க வேண்டும், முனக வேண்டும், நடுநடுவே எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சூர்யகலாவுக்கு இந்தச் சாமர்த்தியம் போதாது.

தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவு தீர்ந்ததும், பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவின் நுனிகளைச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பது அவள் தொழில். இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். தெள்ளாரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், கழிவுப் பட்டு நூலை ஜன்னல் கம்பியில் கட்டி, விரல் தோல் உரிய உரியப் பழகினாள். குழம்புச் சோற்றைப் பிசைந்தால் எரியும். அதைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை. இப்போது விரல்கள் தாமாக ஓடுகின்றன, வாய் ஊர்வம்பு பேசுகிறது. இதைப் பார்க்க மட்டும் எல்லாரும் வருகிறார்கள்.

தறிகளின் சொந்தக்காரர் முருகேசனும் வந்தார். கண் இரண்டும் கல்லாப்பெட்டியிலேயே இருந்தால் தறி எங்கே தெரியும்?

"இன்னாம்மா, பேசிகினே வெளையாடிகினு கீற. தேவகியப் பாரு, பாவு பிணைச்சா வேர்த்து ஊத்துது. இனிமே நம்ம தறி எல்லாத்துக்கும் ஒரே ஆளுதான். அவளையே வெச்சிடலாம்னு பாக்கறேன்."

தேவகி பிணைத்த இழைகள் தறி ஓட ஆரம்பித்ததுமே அவிழ்ந்து தொங்கும். குறைகுடம் கூத்தாடும் என்று தெரிந்த ஊர்தான். ஆனால் கூத்துக்குத்தானே கூட்டம்.

சூர்யகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இந்தத் தறிகள் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஊரோடு ஒத்து வாழ்வோம் என்று மறுநாள் முகத்தைச் சுளித்தாள், முனகினாள், ஒவ்வொரு இழையையும் உற்று உற்றுப் பார்த்தாள். அங்கேதான் வந்தது வினை. பல வருஷமாகக் கண்ணின் தயவு இல்லாமல் ஓடிய விரல்கள், கண் பார்த்ததும் தடுமாறின. இழை மாறியது, முறுக்கு தளர்ந்தது. அவளுக்கு நிஜமாகவே வேர்த்தது.

முருகேசன் பூரித்துப்போனார். "இதாம்மா வேலை! எல்லாத் தறியும் இனிமே உனக்குத்தான்."

சூர்யகலா பிணைப்பைத் தடவிப் பார்த்தாள். விரல் பட்டதும் கழன்றது. இத்தனை கேவலமாக அவள் ஒருநாளும் பிணைத்ததில்லை. வெட்கமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. அவர் கண்ணெதிரிலேயே அத்தனையையும் பிரித்துப் போட்டாள்.

"அய்யய்யோ, கஷ்டப்பட்டு செஞ்சதாச்சே!"

"அதனாலதாங்க அவுந்துகினு வருது."

சாம்பலைத் தொட்டுக்கொண்டு, எதிர்வீட்டு மாமியார் மருமகள் சண்டையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கதையில் மருமகள் பெட்டியைத் தூக்குவதற்குள் பாவில் ஒரு பக்கம் பிணைத்து முடிந்துவிட்டது. இழுத்துப் பார்த்தாள், ஒன்றுகூடக் கழலவில்லை.

"மறுபடியும் வெளையாட ஆரம்பிச்சிட்டா" என்று தலையில் அடித்துக்கொண்டு, முருகேசன் தேவகிக்குப் போன் போட்டார்.