வெளியே விட்ட தையல்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். பேச வேண்டிய இடத்தில் வாய் திறக்காதவளுக்கு இப்போது எழுத மட்டும் என்ன துணிச்சல் என்று நீங்கள் கேட்கலாம். மறதியும் வந்துவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. முதலாளி ஒருவர், இன்ஜினியர் பெண் ஒருத்தி, அவ்வளவுதான். தண்ணீருக்கடியில் சத்தம் கேட்கும் கருவிகளை அந்தப் பெண் செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. அவற்றை நீளக் குழாயில் வரிசையாக அடைத்து, படகுக்குப் பின்னால் வால் போல இழுத்துப் போவார்களாம்.

கீழே நான் தையல் மெஷின் வைத்திருந்தேன். குழாய்க்கு ஒரு துணி உறை வேண்டும் என்று அவள் வந்தாள். "வெளிப்பக்கம் வழுவழுன்னு இருக்கணும் ஆண்ட்டி" என்றாள். துணி போதாமல் துண்டு துண்டாக இணைத்தேன். பிறந்த குழந்தைக்குச் சட்டை தைக்கும்போது தோலை உறுத்தாமல் இருக்க மடிப்பை வெளியே விடுவோம். உள்ளே இருப்பவை அவள் பார்த்துப் பார்த்துச் செய்தவை ஆயிற்றே என்று இதற்கும் அப்படியே விட்டேன். இஸ்திரி போட்டு அழுத்தினால் வழுவழுப்புதானே என்று நினைத்தேன்.

கீழ்க்கட்டளைப் பக்கம் தண்ணீர் நின்ற பழைய கல்குவாரியில் சோதனை. உறையின் வாயைத் தைத்து மூட என்னையும் கூட்டிப் போனார்கள். அவள் ஒயர்களை இணைத்துக்கொண்டிருந்தபோது நான்தான் உறையை மாட்டினேன். முதலாளி கரையில் இருந்த கயிற்று உருளையைக் கையால் சுற்ற, குழாய் தண்ணீருக்குள் நகர்ந்து வந்தது. மெதுவாக இழுத்தபோது ஒன்றுமில்லை. வேகமாகச் சுற்றியதும் ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல்.

"என்னம்மா இது, உன் கருவி அடுப்பு மாதிரி இரையுது?"

"கருவி இல்ல சார். தண்ணி எதுலயோ தட்டித் தட்டிப் போகுது. அந்தச் சத்தம்தான்."

"தண்ணில இழுத்தா தண்ணி சத்தம் வரும், சாம்பார் சத்தமா வரும்? சோதனை கெட்டுப்போறது மூணாவது தடவைம்மா இது."

"உறையா இருக்கலாம் சார்."

"பாவம், அந்தம்மா மேல போடாத." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீங்க சரியாத்தானே தைச்சீங்க?"

கரைக்கு வந்திருந்த குழாய் என் கையில் இருந்தது. ஈரத் துணியில் ஒவ்வோர் இணைப்பும் வளையம் போல எழும்பி விரலில் தட்டியது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தலையை ஆட்டினேன். சரியாகத்தான் தைத்தேன் என்று ஆட்டினேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. வேலையை விட்டுவிட்டாள் என்றார் முதலாளி. அதற்குப் பிறகுதான் மாடிப்படி ஏறிச் சொன்னேன். "நேத்து கேட்டேனேம்மா" என்றார். அது மட்டும்தான்.

எல்லாவற்றையும் பிரித்து, மடிப்பை உள்ளே தள்ளித் தைத்துக் கொடுத்தேன். மறுபடி அதே குவாரி, அதே வேகம். இரைச்சல் முழுதும் போகவில்லை, ஆனால் அடங்கியிருந்தது. அதற்கு அடியில் டப், டப் என்று ஏதோ கேட்டது. எதிர்க்கரையில் ஒருத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் பாதி முழுகிய பாறையில் அவள் அடித்த அடி, தண்ணீர் வழியாக வந்து சேர்ந்திருந்தது. அந்தப் பெண்ணின் கருவிகள் அவ்வளவு நன்றாக இருந்தன.

முதலாளி அவளுக்குப் போன் செய்தார். வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். "பரவால்ல சார்" என்றாளாம். தப்பு யாருடையது என்று அவளிடம் சொன்னாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தண்ணீர் ஏன் அப்படி இரைகிறது என்பதை நான் சரியாக எழுதினேனா தெரியவில்லை. படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்த வேண்டும். தலையை ஆட்டியதை மட்டும் திருத்த வேண்டாம், அது நடந்தது.