அஞ்சு பேருக்கு ஒரு பெரிய கார்

நாதன் ஒரு குடை வாங்குவதற்கே மூன்று கடை ஏறி இறங்கும் ஆள். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் தகர டப்பா செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் அவன் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே வரும் எந்தச் சாமானையும் தட்டிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, ஏதாவது ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவான். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. அவன் சோற்றுக் குக்கர் வாங்கிய கதையை மனைவி ரோசலின் இன்றைக்கும் தங்கைகளிடம் சொல்லிச் சிரிப்பாள். இப்படிப்பட்டவன் கார் வாங்கக் கிளம்பினால் கேட்கவா வேண்டும்?

ஜெலுத்தோங்கில் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் அவர்கள் ஆறு பேர். நாதன், ரோசலின், மகன் ஜெரமி, மகள்கள் ஷேரன், கிறிஸ்டல், அப்புறம் நாதனின் அக்கா பிலோமினா. புருஷன் இறந்துபோன பிறகு பாகான் டாலாமிலிருந்து இரண்டு பெட்டியோடும் ஒரு மாதா சுரூபத்தோடும் வந்து சேர்ந்தவள். காலையில் பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை, சாயங்காலம் வீட்டில் சமையல். யார் வீட்டுச் சோற்றையும் சும்மா தின்கிறவள் அல்ல. யாரையும் சும்மா விடுகிறவளும் அல்ல. நாதன் போட்டிருக்கும் சட்டையிலிருந்து ஜெரமியின் தலைமுடி வரை எல்லாவற்றுக்கும் அவளிடம் ஓர் அபிப்பிராயம் உண்டு.

அவர்களிடம் இருந்த பழைய காரோ மிகச் சின்னது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு ஆறு பேரும் அதில்தான் போவார்கள். கிறிஸ்டல், நாதனின் அக்காவின் மடியில். குழந்தையாக இருந்தவரை சரி. இப்போது அவளுக்குப் பத்து வயது. அவள் தலை கூரையில் இடித்தது, அக்காவுக்குக் கால் மரத்துப் போயிற்று. பெரிய கார் வாங்குவோம் என்ற பேச்சு தொடங்கியதே அதனால்தான். இதை மறந்துவிடக் கூடாது, ஏனென்றால் நாதன் மறந்துவிட்டான்.

அவன் மனத்தைப் பிடித்தது ஒரு கறுப்பு செடான். நம்மைப் போன்றவர்கள் எட்டிப் பிடிக்கக்கூடிய விலை, ஆனால் பார்வைக்கு மேனேஜர் கார். மூன்று மாதமாக, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்யும் கோகுலனை உட்கார வைத்து அதன் நல்லது கெட்டதுகளைச் சொல்லித் தீர்த்தான். நல்லதை மட்டும் சொல்லியிருந்தால், போகட்டும், ஆசைப்பட்டவன் என்று விட்டுவிடலாம். கெட்டதையும் சொன்னான். பின்சீட்டில் கால் நீட்டி உட்காரலாம், ஆனால் ஏர்கான் பின்னால் வந்து சேர நேரமாகும். பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் நாலு பெட்டி போகும், ஆனால் அதன் விளிம்பு உயரம், அரிசி மூட்டையைத் தூக்கிப் போட இடுப்பு ஒடியும். கடல் பாலத்தில் காற்றடித்தாலும் ஆடாது, ஆனால் ஊருக்குள் மெதுவாகப் போனால் கியர் இடிக்கும். எண்ணெய் குடிக்கும், பெட்ரோல் காசு கட்டுப்படியாகாது. ஜார்ஜ் டவுனின் குறுகல் தெருக்களில் திருப்ப முடியாது. பெயிண்ட் மெல்லிசு, விற்கப் போனால் விலை போகாது. இவ்வளவு நேர்மையாகப் பேசுகிறவனை யார் சந்தேகிப்பார்கள்?

அதே விலைக்கு அதே கம்பெனியின் ஏழு சீட் வண்டி ஒன்று வந்திருப்பதை ரோசலின் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள். அவன் அதையும் எடைபோட்டுத் தள்ளினான். கடைசி வரிசையில் கோழிதான் உட்காரலாம். அதை விரித்தால் பூட்டே இல்லை. பார்த்தால் ஸ்கூல் வேன் மாதிரி இருக்கிறது என்றான். கோயில் போர்ட்டிகோவில் அந்த நீளக் கறுப்புக் காரை நிறுத்தி இறங்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் சொல்லவில்லை. அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. கார் ஓட்டும்போது அக்கா பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டே வருவாள். அந்தச் சத்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று அவன் நினைத்துப் பார்த்ததுண்டு. அதைத் தனக்குத்தானே கூட ஒப்புக்கொண்டதில்லை.

ஒரு சனிக்கிழமை ஆறு பேரும் ஷோரூமுக்குப் போனார்கள். வரவேற்றது அதிரா என்ற இளம்பெண். தமிழ்ப் பிள்ளை, பேச்சில் சுறுசுறுப்பு. நாதன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சளைக்காமல் பதில் சொன்னாள். கடைசியில் அவள் ஒன்று கேட்டாள்.

"வீட்ல எத்தன பேரு அங்கிள்?"

"அஞ்சு பேரு."

சட்டென்று வந்தது பதில். கிறிஸ்டல் அப்பாவை அண்ணாந்து பார்த்து, "ஆறு, பா" என்றாள். அதிராவின் கண், கிறிஸ்டலின் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்தபடி இரண்டடி தள்ளி நின்ற அக்காவின் மேல் போயிற்று. அந்த நிமிடத்தில்கூட நாதன் திருத்திக்கொண்டிருக்கலாம். நாக்கு தவறிவிட்டது என்று சிரித்திருந்தால் முடிந்துபோயிருக்கும். அவனோ, "இவங்க என் அக்கா. சும்மா பார்க்க வந்தாங்க" என்றான்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பும்போது, தான் கூட வராவிட்டாலும் ஐந்து பெல்ட்டுக்கு ஐந்து பேர்தான் ஏற முடியும் என்றாள் அதிரா. பெல்ட் போடாவிட்டால் கார் கத்துமாம். யாரும் யாரையும் இருக்கச் சொல்லவில்லை. அக்காவே, போய்ட்டு வாங்க, எனக்கு இந்த ஏர்கான் நல்லாருக்கு என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அதிரா சொன்னதற்கு மேலேயே கார் நன்றாகத்தான் ஓடியது. மேட்டில் ஏறி இறங்கியதுகூடத் தெரியவில்லை. நாதன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான், பின்னாலிருந்து ஒரு பதிலும் இல்லை. ரோசலின் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டிக்குள் அப்படி ஓர் அமைதி. அவன் ஆசைப்பட்ட அதே அமைதி, இப்போது அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. திரும்பி வந்தபோது அக்கா மைலோ குடித்துக்கொண்டிருந்தாள். கார் எப்படி என்று அவனிடம் கேட்டாள், நல்ல காரென்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். நாதன் அன்றே முன்பணம் கட்டினான். கட்டாமல் திரும்பினால் ஏன் என்று சொல்ல வேண்டிவரும் என்ற பயத்தில்தான் கட்டினான்.

மறுநாள் பூசையில் அவன் நற்கருணை வாங்க எழுந்திருக்கவில்லை; மனத்தில் பாவத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது. முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டு, பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரோசலின் கவனித்தாள். அந்த வாரமே அக்கா ஒரு சேதி சொன்னாள். இனிமேல் அவள் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போய்விடுவாளாம். கேண்டீன் தோழிகள் எல்லாரும் அதற்குத்தான் போகிறார்களாம், பஸ் வாசலிலேயே நிற்குமாம். நல்லதாப் போச்சு என்று ஜெரமி யோசிக்காமல் சொல்லிவிட்டான். பையனை அதட்ட வாயெடுத்த நாதன், எந்த முகத்தோடு அதட்டுவது என்று வாயை மூடிக்கொண்டான். கார் வாங்கத் தான் சொன்ன காரணங்களைப் போலவே அவளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சொன்னது அவனுக்குப் புரிந்தது. எல்லாமே நியாயமான காரணங்கள். உண்மையான காரணம் மட்டும் அதில் இல்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தான். மூன்றாம் நாள் வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை நேரே ஷோரூமுக்கு விட்டான். ஏழு சீட் வண்டிக்கு மாற்றிக்கொடுக்கச் சொன்னபோது அதிரா காரணம் கேட்கவில்லை. கேட்காததே அவனுக்கு அடி வாங்கியது போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைத் தேடிச் சமையல்கட்டுக்குப் போனான். அவள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஏழு சீட்டு காடிக்கு மாத்திட்டேன். இனி எல்லாரும் ஒண்ணா போலாம்லா."

அக்கா கத்தியை நிறுத்தவில்லை. எனக்காக மாற்றினாயா என்று கேட்டாள். அவன் ஆமாம் என்றான். நன்றி சொல்வாள் என்றுகூட ஒரு மூலையில் எதிர்பார்த்தான். மனிதன் அவ்வளவு மோசமானவன்.

"நீ ஒரு கொடை வாங்குறதுக்கே ஒரு வாரம் யோசிப்ப தம்பி," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "அந்தப் புள்ள கேட்டப்ப நீ யோசிக்கவே இல்லையே."

நாதனுக்கு உடம்பு முழுக்கச் சுட்டது. அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பான். வேண்டுமென்றே சொல்லவில்லை என்றால் பொய். வேண்டுமென்றே சொன்னேன் என்றாலும் முழு உண்மை இல்லை. மூன்று மாதம் எடைபோட்டுப் பேசிய வாயிலிருந்து எடைபோடாமல் விழுந்தது அந்த ஒரு சொல்தான், அதனால்தான் அதை மறுக்க முடியவில்லை. தப்புதான்க்கா என்று எப்படியோ சொல்லி முடித்தான். சரி விடு, கை கழுவிட்டு வா, சாப்பிடு என்றாள். அன்றைக்கு அவன் தட்டில் மீன் துண்டு பெரியதாகவே விழுந்தது.

வண்டி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகள் முதலில் ஓடிப்போய் ஆளுக்கொரு சன்னலைப் பிடித்துக்கொண்டார்கள். ரோசலின் முன்னால் ஏறினாள். கடைசி வரிசையில் கோழி மட்டுமல்ல, மனிதரும் உட்காரலாம் என்பதை ஷேரன் கால்மேல் கால் போட்டுக் காட்டினாள். நாதன் சாவியோடு அக்காவுக்காகக் காத்து நின்றான்.

அவள் பிளாட் படிக்கட்டில் இறங்கி வந்தாள். நீலச் சேலை, கையில் சின்னப் பை, தலையில் பூ இல்லை. பழைய காராக இருந்தால் யாரையும் கேட்காமல் கதவைத் திறந்து, "தள்ளு, தள்ளு" என்று பிள்ளைகளை அதட்டியபடி ஏறியிருப்பாள். இன்று வண்டிக்கு இரண்டடி முன்னாலேயே நின்றுவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெளியாரிடம் பேசுவதுபோல் மரியாதையாகக் கேட்டாள்.

"தம்பி, நானும் வரட்டுமா?"

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அவனிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. நாதன் அவசரமாகக் கதவைத் திறந்தான். அவள் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டு முடிக்கும்வரை, தலையை நிமிர்த்த வெட்கப்பட்டு, திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றான்.