காற்றடிக்கும் ஃபோர்க்

அம்பகரத்தூரில் இருந்த தன் அம்மா இறந்த பிறகு, என் மனைவி கலா வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். பேச்சும் குறைந்துபோனது. அந்தச் சமயத்தில் என் மவுண்டன் பைக்கில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிட்டது. பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள் அது. மேடுபள்ளத்தின் குலுக்கலை எல்லாம் அந்த ஃபோர்க்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். புதிது வாங்கக் காரைக்கால் கடைக்குக் கிளம்பியபோது கலாவையும் வற்புறுத்தி அழைத்துப்போனேன்.

கடைக்காரர் இரண்டு ஃபோர்க்குகளைக் காட்டினார். ஒன்றில் ஸ்பிரிங். மற்றதில் காற்று, ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ப அதைக் கூட்டிக் குறைக்கலாம்.

"நீங்க மட்டுந்தானே ஓட்டுவீங்க? ஸ்பிரிங்கே போதும் சார்."

சரி என்று தலையாட்டினேன்.

"காத்து உள்ளதையே வாங்குங்க" என்றாள் கலா. "நானும் ஓட்டுவேன்ல."

திகைத்துத் திரும்பினேன். "உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"பள்ளிக்கூடத்துக்கே சைக்கிள்லதான் போனேன். அம்மாதான் பின்னாலயே ஓடியாந்து கத்துக்குடுத்தாங்க."

அம்மா என்று சொல்லிவிட்டு அவள் அழாமல் இருந்தது, அந்த இறப்புக்குப் பிறகு அன்றுதான் முதல்முறை. லேசாகச் சிரிக்கவும் செய்தாள். எனக்குத்தான் கண் கலங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் எடைக்குக் காற்றைக் குறைத்துக் கொடுத்தேன். கடற்கரைச் சாலை வேகத்தடையில் ஏறி இறங்கியவள், "மெத்துனு இருக்குங்க!" என்று கத்திக்கொண்டே போனாள்.

நான் சொன்ன ஆறுதல் எதுவும் அவளை வாசல்வரைகூடக் கொண்டுவரவில்லை. இப்போதோ, நான் எழுந்து பார்க்கும்போது பல நாள் சைக்கிள் இருப்பதில்லை. அவள் வரட்டும் என்று டீ போட்டுவிட்டுக் காத்திருப்பேன்.