கட்டுரையில் படிக்கும் அக்கா

அமெரிக்காவில் நான் படிக்கும் இந்தச் சின்ன ஊரில், என் அக்காவைப் பார்த்தேயிராதவர்கள் அவளை விசாரிக்கிறார்கள். போன வாரம் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் அட்மிஷன் ஆபீஸ் அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் சிஸ்டர் படிப்பை முடித்துவிட்டாளா?" என்றார். இந்த வருஷம் முடிக்கிறாள் என்றேன். "எவ்வளவு தைரியம் உனக்கு!" என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் தலை குனிந்ததை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அக்கா படிக்கவில்லை. ஆனைமலையில் வாழ்க்கைப்பட்டு, கைக்குழந்தையோடு இருக்கிறாள். பல்லடத்தில் எங்கள் தறிக்கூடத்துக்குப் பின்னால் நின்றுதான் வேறு சாதிப் பையன் ஒருவனோடு போனில் பேசுவாள். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நம்பினாள். விஷயம் அப்பா காதுக்குப் போனது. காலேஜை நிறுத்தி ஒரே மாதத்தில் கல்யாணத்தை முடித்துவிட்டார்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே சேர மார்க் மட்டும் போதாது, உன்னை மாற்றிய சம்பவத்தை எழுது என்பார்கள். நாம் பள்ளியில் எழுதிய கட்டுரைகளில் முன்னுரை உண்டு, முடிவுரை உண்டு, 'நான்' கிடையாது. கோயம்புத்தூர் கன்சல்டன்சியில் உட்கார்ந்து முதல் தடவையாக என்னைப் பற்றி எழுதினேன். அப்பா கேட்டார், அதனால் அக்கா விஷயத்தைச் சொன்னேன் என்றுதான் அதுவரை என்னையே ஏமாற்றி வந்திருந்தேன். எழுதியபோதுதான் ஒப்புக்கொண்டேன். அப்பா கேட்கவே இல்லை. வீட்டில் எல்லோரும் அவளையே தூக்கிவைத்துப் பேசியது பொறுக்காமல் நானாகப் போய்ச் சொன்னேன்.

கன்சல்டன்சிக்காரர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஏனுங்க அம்மணி, இத அனுப்புனா எவனுங்க சீட்டுக் குடுப்பான்? அப்பாகோட சண்ட போட்டு அக்காளப் படிக்க வெச்சதா மாத்திப்போடுங்க."

மாற்றினேன். சீட்டு கிடைத்தது.

விமானம் ஏறுவதற்கு முன்பு ஆனைமலை போனேன். அக்கா விரல்களைத் தண்ணீரில் முக்கி வைத்திருந்தாள். மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டு வந்திருந்தாள். கெடுதல் செய்தவரை ஆத்தா கேட்பாள் என்பது அங்கே நம்பிக்கை.

"எம்பட பொழப்பக் கெடுத்தது ஆருன்னு தெரியில கண்ணு. ஆத்தாளுக்குத் தெரியுமல்லோ" என்றாள்.

மோர் ஊற்றி அவள் கையைக் கழுவிவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோழைத்தனத்தைத்தான் இங்கே தைரியம் என்கிறார்கள்.

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து அறைக்கு வந்ததும், முதலில் எழுதிய கட்டுரையைத் தமிழில் எழுதி அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று நீலக்கோடு காட்டியது. மூன்று நாள் கழித்து ஒரு குரல்பதிவு வந்தது. பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"ஆத்தாளுக்கு எரிச்சல் தணிய எண்ணெய்க்காப்புப் பண்ணிப்போட்டு வந்துட்டேன். உனக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாத. ஆனா இனி எம்பட ஊட்டுப்பக்கம் வந்துபோடாத அம்மணி."

எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

லீவுக்கு ஊருக்குப் போய் அக்காவைப் பார்ப்பாயா என்று அட்மிஷன் ஆபீஸ் அம்மா நேற்று கேட்டார். பார்ப்பேன் என்றேன். அவருடைய அலமாரியில் இருக்கும் அந்த இரண்டு பக்கக் கட்டுரையைத் தவிர, எனக்கென்று அக்கா வீடு வேறு எங்கும் இல்லை.